பத்தாவது ஆளாக வந்த மகனுக்கு

மகன்,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க மனம் வரவில்லை. நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். சனிக்கிழமை நான் கேற்றுக்கு மேலால் நீட்டிய சோற்றுப் பார்சலை வாழைச்சேனை பஸ் நிலையத்து வாங்கில் குந்தியிருந்து ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாய் என்பதும் தெரியும். மீன் தலையை மட்டும் அங்கே திரிந்த பூனைக்குப் போட்டாயாம். எப்படித் தெரியும் என்று மூளையைக் குழப்பாதே. "வெத்தில வாங்கிட்டு வாறன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு உனக்குப் பின்னால் வந்தவர் உன் அப்பா. வெற்றிலை இல்லாமல்தான் திரும்பி வந்தார். "புள்ள சாப்பிட்டான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணி வேண்டுமென்றால் கேத்திலைத் தூக்கி அடுப்பில் டங்கென்று வைக்கிறாரே தவிர வாயைத் திறக்கிறார் இல்லை. பெற்ற பிள்ளையை வாசலில் நிற்பாட்டித் திருப்பி அனுப்பிய தாய் என்று அவர் மனதில் எழுதிவிட்டார். நீயும் அப்படித்தான் எழுதியிருப்பாய். அதனால் நானும் எழுதுகிறேன். நேரில் சொல்ல வந்தால் அழுதுவிடுவேன். அழுதால் கேற்றைத் திறந்துவிடுவேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தால் ஆண்தான் தாய் வீட்டை விட்டுப் போக வேண்டும். நாலு வருஷத்துக்கு முன் உன் உடுப்பையெல்லாம் நான்தான் மடித்து அந்த நீலப் பையில் வைத்து, மட்டக்களப்பில் வினோவின் வீட்டுக்கு அனுப்பினேன். வான் வண்டியில் ஏறும்போது நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய் வெங்காயம் இல்லாமலே அழுதேன். சனிக்கிழமை பின்நேரம் அதே நீலப் பையோடு நீ வந்து நின்றாய். கலியாணம் முடித்த ஆண் பையோடு தாய் வீட்டு வாசலில் நின்றால் எங்கள் ஊரில் யாரும் எதுவும் கேட்கத் தேவையில்லை. எதிர் வீட்டுக்காரி முற்றத்தில் ஒரு கூட்டுக் கூட்டியதற்கு மேல் இன்னொரு கூட்டுக் கூட்டிக்கொண்டு நின்றாள்.

நீ வருவதற்கு முன்னமே வினோ எனக்குப் போன் எடுத்துவிட்டாள். அவள் உன்னைப் பற்றி ஏதோ முறையிட்டிருப்பாள் என்றுதானே நினைத்திருப்பாய். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மாமி, அவர் அங்கதான் வாறார். காலையில இருந்து ஒண்டும் சாப்பிடல்ல. வந்ததும் சாப்பாட்டக் குடுங்க, கத பேச்சு எல்லாம் பொறகு." அவ்வளவுதான். என்ன நடந்தது மகள் என்று கேட்டேன். "ஒண்டுமில்ல மாமி" என்றாள். அவளுடைய குரல் அடைத்திருந்தது. சளி, தடிமன் என்று சொன்னாள். முப்பது வருஷத்துக்கு மேல் மிட்வைபாக, மருத்துவிச்சியாக வீடு வீடாகத் திரிந்தவளுக்குத் தடிமன் எது, அழுகை எது என்று தெரியாதா. ஏதோ புருஷன் பெண்சாதிச் சண்டை, சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் படுத்து எழும்பினால் தணிந்துவிடும், விடிய நானே கூட்டிக்கொண்டு போய் விடலாம் என்று நினைத்துத்தான் மீனை ஆக்கினேன். நீ வந்தாய். "அம்மா, திறங்க" என்றாய். நான் வந்தேன், கை கேற்றுக் கொக்கிக்குப் போனது.

அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். "நாலு வருஷமாப் புள்ள இல்ல. எல்லாம் அந்தக் கொரோனா ஊசியால வந்த வின. நீங்கதானேம்மா அவவுக்கு அதப் போட்டு விட்டீங்க." என் கை அப்படியே நின்றது. "இத அவளிட்டயும் சொன்னியா?" என்று கேட்டேன். நீ நிலத்தைப் பார்த்தாய். நான் உள்ளே போய்ச் சோற்றைப் பார்சல் கட்டி, கேற்றுக்கு மேலால் நீட்டி, "சாப்பிட்டுட்டு அவளிட்டப் போ மனே. இஞ்ச உனக்கு இடமில்ல" என்றேன். உன் அப்பா எனக்குப் பின்னால் நின்று "திறவன்கா, புள்ள பசியோட நிக்கான்" என்றார். நான் திரும்பியும் பார்க்கவில்லை. நீ போன பிறகு கிணற்றடியில் போய் இருந்து வயிறு நோக அழுதேன். எதிர் வீட்டுக்காரி முற்றம் கூட்டுகிற தும்புத்தடிச் சத்தம் அப்போதும் ஓயவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று இப்போது சொல்கிறேன். அந்த ஊசி போட்ட நாளை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் நீ பிந்தி வந்தவன். நீ வருவதற்கு முன் அந்த மண்டபத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. வினோ உனக்குச் சொன்னதில்லை என்பது இப்போது விளங்குகிறது. நானும் சொன்னதில்லை. அதை ஒரு பெரிய விஷயமாக நான் நினைக்கவில்லை.

முதன்முதல் மருந்து வந்தபோது சுகாதார ஆட்களுக்குத்தான் முதலில் என்று சொன்னார்கள். நீயும் வினோவும் நேர்ஸாக வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் போடுவதற்குக் கை போதாதென்று மிட்வைப்மார் சிலரைக் கூப்பிட்டார்கள், நானும் வந்தேன். கிளினிக் மண்டபத்தில் வாங்குகள் நிறைய நேர்ஸ்மார். ஒருவருக்கும் முன்னுக்கு வர மனமில்லை. ஒருத்திக்கு இறால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் கடித்துத் தடிக்குமாம், அதனால் யோசனையாம். ஒருத்திக்குப் பிரஷர். இன்னொருத்தர் இரவுக் கடமை முடித்து வந்தவர், நித்திரை முழிப்போடு போடலாமா என்று என்னையே கேட்டார். வெளியே ஆட்கள் மருந்து எப்போது வரும் என்று தவம் கிடக்க, உள்ளே மருந்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ஊசி போடுகிற எங்களுக்குத்தான் ஊசியின் கோளாறுகள் எல்லாம் மனப்பாடம். லட்சத்தில் ஒருவருக்கு வருவதைக்கூட நாங்கள் வகுப்பில் படித்து எழுதி மார்க்ஸ் எடுத்திருக்கிறோம். எனக்கும் பயம்தான். என் பணிமனையில் எனக்குப் போட்ட அன்று, இரத்தத்தில் சீனி கூடிப்போய்க் கிடக்கிறது, அடுத்த முறை பார்ப்போம் என்று சொல்லி நழுவப் பார்த்தவள் நான். டொக்டர் விடவில்லை.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. ஊசியை ஏற்றி எடுக்கத் தொடங்கினால் சில மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிஞ்சினால் கீழே ஊற்றத்தான் வேண்டும். நாடே மருந்துக்குக் காத்துக் கிடந்த நேரத்தில் ஒரு சொட்டை ஊற்ற யாருக்கு மனம் வரும். அதனால் பத்துப் பேர் வந்து கதிரையில் இருந்தால்தான் குப்பியைத் தொடுவது என்று நேர்ஸ்மாருக்குத் தலைவியான மேற்றன் சொல்லியிருந்தார். சரியான முறைதான். ஆனால் அன்று நடந்தது என்னவென்றால், குப்பி திறக்காததால் ஒருவரும் வந்து இருக்கவில்லை, ஒருவரும் வந்து இருக்காததால் குப்பி திறக்கவில்லை. காலை முழுக்க நான் பஞ்சும் சிரிஞ்சும் வைத்துக்கொண்டு வெறும் கதிரைகளைப் பார்த்தபடி இருந்தேன். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து "நீங்க போங்க மிஸ், நான் வாறன்" என்று உபசாரம் செய்துகொண்டிருந்தார்கள். கலியாண வீட்டுப் பந்தியில்கூட அவ்வளவு உபசாரம் நான் கண்டதில்லை.

அந்த வாங்கில் இருந்து எழும்பி வந்து முதல் கதிரையில் இருந்தவள் வினோ. அப்போது உங்கள் கலியாணம் பேசி முடிந்திருந்தது, நாள்தான் வைக்கவில்லை. பிரசவ வாட்டில் வேலை. முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது, அது சிவந்திருந்தது. என்னை அப்போது மாமி என்று கூப்பிட வெட்கம், அம்மா என்பாள். மெதுவாகக் குனிந்து, "அம்மா, ஒண்டு கேக்கலாமா?" என்றாள்.

"கேளுங்க மகள்."

"இதப் போட்டாப் புள்ள பொறக்காதெண்டு வாட்டெல்லாம் கத கிடக்கு."

"அது பொய் மகள். ஆரோ வேலையில்லாதவன் கட்டி விட்ட கத."

"பொய்யெண்டு எனக்கும் தெரியும்மா. நான் கேக்கிறது அதில்ல. நாளைக்கு வேற என்னத்தாலயும் எனக்குப் புள்ள பொறக்காட்டிச் சனம் இந்த ஊசியத்தான் சொல்லும். அப்ப உங்கட மகன் என்ன சொல்லுவார்?"

மகன், நான் உன்னைப் பெற்றவள். உன்னைப் பற்றி ஒருத்தி ஒரு கேள்வி கேட்டால் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை. நான் யோசிக்கவே இல்லை. "அவன் அப்பிடி ஒரு சொல்லுச் சொல்லிட்டுப் பையோட வந்தானெண்டா நான் கேற்றத் திறக்க மாட்டன். போதுமா? கையக் காட்டுங்க" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவளும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துவிட்டுச் சட்டைக் கையை உயர்த்தினாள். இன்னும் குப்பி திறக்கவில்லை மகள், பத்துப் பேர் சேர வேண்டும் என்றேன். "அப்ப நான் ஆளச் சேர்த்திட்டு வாறன்" என்று எழும்பிப் போனாள். இறால் கடிக்காரியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பிரஷர்க்காரிக்கு என்னைக் கொண்டே பிரஷர் பார்க்கப் பண்ணினாள். இரவுக் கடமைக்காரருக்கு ஒரு பிளேன் ரீ ஊற்றிக் கொடுத்தாள். ஏன் இப்படி ஓடித் திரிகிறாய் என்று ஒருத்தி கேட்டதற்கு அவள் சொன்ன பதில் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. "ஒரு தாயத் தொட்ட கையோட மற்றத் தாயிட்டப் போறம் மிஸ். என்ட கையால அதுகளுக்கு ஒண்டும் போகக் கூடாது." ஒன்பது பேர் சேர்ந்தார்கள். ஒரு கதிரை காலி.

அந்தப் பத்தாவது கதிரைக்கு உரிய ஆம்பிளை எங்கே நின்றார் என்று உனக்கே தெரியும். ஆண்கள் வாட்டின் பெரிய நேர்ஸ், என் மகன், மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கப் போய்விட்டாராம். முதல் நாள்தான் தாங்கி நிறைய அடித்ததை நான் கண்டவள், வாயைத் திறக்கவில்லை. வினோ போன் எடுத்தாள். "ஒன்பது பேர் இருக்கம். நீங்க வந்தாத்தான் குப்பியத் திறப்பாங்க. உங்களால ஒன்பது பேரும் இருந்த இடத்திலயே இருக்கம்" என்றாள். நீ வந்தாய். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து இருந்தாய். நாளாந்தம் எத்தனை பேருக்கு ஊசி குத்துகிற நீ, நான் பஞ்சால் துடைத்ததுமே கண்ணை இறுக்கி மூடினாய். மூன்று வயதில் கிளினிக்குக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அதே முகம்தான். எனக்கு அவ்வளவு அன்பு வந்தது. மேற்றன் நிற்காவிட்டால் தலையைத் தடவியிருப்பேன்.

இப்போது கேள். வினோவுக்கும் உனக்கும் ஒரே குப்பி. முதல் ஆள் அவள், பத்தாவது ஆள் நீ. இரண்டு பேருக்கும் குத்தியது இந்தக் கைதான். அவளுடைய கையில் போனது எதுவோ அதேதான் உன் கையிலும் போனது. அப்படியிருக்க, அந்த ஊசி அவளுடைய வயிற்றை மட்டும் தேடிப் போனது, உன்னைப் பார்த்ததும் மரியாதையாக விலகி நின்றது என்று நீ எந்தப் புத்தகத்தில் படித்தாய்? நீயும் நேர்ஸ்தானே. அந்த இறால் கடிக்காரிக்கு அதற்குப் பிறகு ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. அவள் என் பகுதியில்தான் இருக்கிறாள், மாதா மாதம் அவனைத் தராசில் போடுகிறவள் நான். தராசில் ஏற மாட்டேன் என்று என் தலைமயிரைப் பிடித்து இழுப்பான். அதே குப்பிதான் அவளுக்கும்.

இந்தக் கதையை உன் காதில் போட்டவ உன் பெரியம்மா என்பது எனக்குத் தெரியும். என் அக்காவை எனக்குத் தெரியாதா. கோயிலில் கண்டால் என்னிடமும் கேட்பா, "இன்னும் ஒண்டும் இல்லையா?" என்று, ஏதோ கடையில் சாமான் வந்துவிட்டதா என்று கேட்பதுபோல. அவவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அவ சொன்னா என்பதற்காக நீ அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வினோவின் முகத்துக்கு நேரே சொன்னாயே, அது உன் வேலை. அதைப் பெரியம்மாவின் தலையில் கட்ட நான் விட மாட்டேன். அவள் அன்று அந்தக் கதிரையில் இருந்து கேட்ட கேள்விக்கு, நாலு வருஷம் கழித்து, நீ பதில் சொல்லியிருக்கிறாய். அவள் எதற்குப் பயந்தாளோ அதே சொல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கர்ப்பிணித் தாய்மாருக்கும் போடலாம் என்று வந்தபோது நான் கதவு கதவாகத் தட்டினேன். ஓட்டமாவடியில் ஒரு வீடு. ஆறு மாதக் கர்ப்பிணி. தங்கச்சி ஒருத்தியும் கூட இருந்தாள், கலியாணத்துக்கு நாள் வைத்த பிள்ளை, அவளும் தையல் பெக்டரி வேலைக்குப் போகிறவள். நான் சொன்ன விளக்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூத்தவள் சொன்னாள், "மிஸ், அத உடுங்க. ஒங்கட ஊட்டுல கலியாணம் முடிக்காத பொம்புளப் புள்ள ஆரும் போட்டிருக்கா? அதச் செல்லுங்க." நான் சொன்னேன், "என்ட மகன் முடிக்கப் போற புள்ள போட்டிருக்கு. நான்தான் போட்டன்." அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த நாள் வந்து போட்டார்கள். அதற்குப் பிறகு எந்த வீட்டில் தயங்கினாலும் நான் விளக்கத்தை விட்டுவிட்டேன், வினோவைத்தான் சொன்னேன். அவளிடம் கேட்காமலே அவளை வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனேன். எத்தனை தாய்மார் அவளை நம்பிக் கையை நீட்டினார்கள். இன்றைக்கு அந்த மிட்வைப் அம்மாவின் மகன் ஊசியைச் சாட்டிப் பெண்சாதியை விட்டுவிட்டு வந்துவிட்டான் என்று கதை போனால், அந்தத் தாய்மார் தங்கள் பிள்ளைகளைப் பார்த்து என்ன நினைப்பார்கள்? நாளைக்கு இன்னொரு நோய் வரும், இன்னொரு மருந்து வரும். அந்த வாசல்களில் என் இடத்துக்கு வருகிற மிட்வைப் பிள்ளை எந்த முகத்தோடு நிற்கும்?

உனக்கும் ஏக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், மகன். போன தைப்பொங்கலுக்கு வந்தபோது எதிர் வீட்டுப் பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அவன் உன் சட்டையில் வாந்தி எடுக்கும்வரை இறக்கவில்லை. நான் குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் ஆசை இல்லையா. எத்தனை பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள் நான், என் சொந்தப் பேரப்பிள்ளையை ஏந்த ஆசைப்படாமல் இருப்பேனா. ஆனால் உங்களுக்குப் பிள்ளை கிடைக்குமா கிடைக்காதா என்று எனக்குத் தெரியாது. கிடைக்கும் என்று நான் வாக்குத் தரவில்லை. நான் ஒருத்திக்கு ஒரு வாக்குத்தான் கொடுத்தேன், அதையே காப்பாற்றப் படாதபாடு படுகிறேன்.

நேர்ஸ் வேலை பார்க்கிற உனக்கு மிட்வைப் வேலை பார்க்கிற நான் ஒரு விஷயத்தைப் பச்சையாகவே சொல்கிறேன், வெட்கப்படாதே. வினோ கிளினிக்குக்குப் போய் இரத்தம் கொடுத்திருக்கிறாள், ஸ்கேன் எடுத்திருக்கிறாள், நோகிற பரிசோதனையும் செய்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் தனியே. ஒருமுறை நான் துணைக்குப் போனேன். அங்கே டொக்டர் "மிஸ்டர் வரல்லையா?" என்று கேட்டபோது அவள் "அவருக்கு டியூட்டி" என்றாள். ஒவ்வொரு முறையும் உனக்கு டியூட்டிதான். உன்னிடம் கேட்பது ஒரு சின்னப் பரிசோதனை. ஊசியும் இல்லை, நோவும் இல்லை. அதற்கும் நீ பெற்றோல் அடிக்கப் போய்விட்டாய். பயந்ததற்காக நான் உன்னை ஏச மாட்டேன். அன்றைக்கும் நீ பயந்தாய், வந்தும் இருந்தாய். பயத்தோடு வந்து இருந்ததுதான் எனக்குப் பெருமை. இன்றைக்கும் அவள் ஒரு கதிரையில் உனக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறாள். அங்கே போய் இரு. பரிசோதனை என்ன சொன்னாலும் இரண்டு பேரும் சேர்ந்து கேளுங்கள்.

உன் அப்பாவைப் பற்றியும் ஒன்று எழுத வேண்டும். நீ தங்கி நிற்கிற கூட்டாளி வீட்டுக்கு இந்தக் கடிதத்தை அவர்தான் கொண்டுவருவார், வழியில் எங்காவது மரத்தடியில் சைக்கிளை நிறுத்திப் பிரித்து வாசிப்பார், எனக்குத் தெரியும். அவரும் தெரிந்துகொள்ளட்டும். நீ பிறப்பதற்கு முன், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரசவத்துக்குக் கூப்பிட்டால் நேரம் காலம் இல்லாமல் போய்விடுவேன். ஒரு நாள் அவருக்குக் கோபம் எல்லை மீறிவிட்டது. நான் பிரசவம் முடிந்து வந்தபோது வீட்டில் இருந்தார், தேத்தண்ணி ஊற்றித் தந்தார். கட்டிலுக்குக் கீழே கூட்டும்போது பார்த்தேன், ஒரு பை, அவருடைய உடுப்பெல்லாம் அடுக்கிக் கட்டியிருந்தது. பையின் அடியில் பஸ் நிலையத்துச் செம்மண். அதுவரை போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறார். நான் பையை அவிழ்த்து உடுப்பை அலுமாரியில் பழைய இடத்திலேயே அடுக்கினேன். அவர் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை. இவ்வளவு வருஷம் நாங்கள் குடும்பம் நடத்தியது அப்படித்தான். திரும்பி வந்த மனுஷனிடம் ஏன் போனாய் என்று கேட்காமல் இருக்க எனக்குத் தெரிந்தது. வினோவுக்கும் தெரியும். ஆனால் நீ அவளிடம் போய்ப் பையை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதே. வாயால் மன்னிப்புக் கேள். உன் அப்பாவை நான் விட்டது போல அவள் உன்னை விட வேண்டுமென்று எதிர்பார்க்காதே. அவர் கோபத்தில் பை கட்டினார், ஒரு பெண்ணின் வயிற்றைக் குறை சொல்லிக் கட்டவில்லை.

சிரித்துக்கொண்டு சொன்ன சொல்தானே, அதற்காகப் பெற்ற மகனைத் திருப்பி அனுப்புவதா என்று நீ கேட்கலாம். நானும் என்னையே கேட்டேன், கிணற்றடியில் இருந்து. நான் சிரித்துக்கொண்டு சொன்னாலும், அவள் அதை நம்பித்தான் முதல் ஆளாகக் கையைக் காட்டினாள். சனிக்கிழமை போன் எடுத்தபோது "மாமி, அண்டைக்கு நீங்க எனக்கு என்ன சொன்னீங்க?" என்று அவள் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உனக்குச் சோறு கொடுக்கச் சொன்னாள். அவள் கேட்டிருந்தால்கூட நான் ஏதாவது சமாதானம் சொல்லி உன்னை உள்ளே எடுத்திருப்பேனோ தெரியாது. கேட்காததால்தான் என்னால் முடியவில்லை.

நீ கோபத்தில் இருப்பாய். இரு. ஆனால் ஒன்றை மட்டும் யோசித்துப் பார். அந்தக் கேற்றுக்குப் பூட்டு இல்லை, மகன். என்றைக்கும் இருந்ததில்லை. உள்பக்கம் ஒரு கொக்கி, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, நான் வீட்டில் இல்லாத நாட்களில், கம்பிக்குள்ளால் கையை விட்டு அதை எடுத்து உள்ளே வந்தவன் நீ. பெரியவனான பிறகும் கூப்பிட்டுக்கொண்டு நின்றதில்லை, கை தானாக உள்ளே போகும். சனிக்கிழமை நான் பார்சல் கட்ட உள்ளே போய்விட்டேன், சோறு போட்டு, கறி ஊற்றி, அப்பளம் நொருங்காமல் வைத்து வர எவ்வளவு நேரம் எடுத்திருக்கும். வாசலில் உன்னைத் தடுக்க ஒருவரும் இல்லை. உன் கை கொக்கிக்கு வரவே இல்லை. நான் திரும்பி வந்தபோது பையைக் கீழே கூட வைக்காமல் தோளில் போட்டபடி வெளியே நின்றாய். அதைக் கண்டுதான் எனக்கு மூச்சு வந்தது. நான் வளர்த்த பிள்ளைதான் இவன் என்று நினைத்தேன்.

இன்றைக்கு வினோவுக்குப் பகல் கடமை, பின்நேரம் வீட்டில் இருப்பாள். அப்பாவின் கையில் மீன் குழம்பு கொடுத்து விட்டிருக்கிறேன், இரண்டு பேருக்கு. தனியே இருந்து சாப்பிட்டுவிடாதே, பூனைக்கும் போடாதே. வருகிற சனிக்கிழமை இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் வாருங்கள். நான் கேற்றடிக்கு வர மாட்டேன், குசினியில்தான் நிற்பேன். நீ அந்தக் கொக்கியில் கை வைக்காதே. அவளுக்கு இடம் தெரியும், அவள் எடுக்கட்டும்.

உன்
அம்மா